மிளகாய் மணக்காத பின்னேரம்

என் மகனுக்கு,

உன் கடிதங்களில் முதல் வரியிலும் சுகம் என்று இருக்கும், கடைசி வரியிலும் சுகம் என்று இருக்கும். நடுவில் கொழும்பு மழை, சாப்பாட்டுக்கடைச் சோறு, கந்தோரில் வேலை வாங்கும் பெரியவரின் சிடுசிடுப்பு. முந்தநாள் வந்த கடிதமும் அப்படித்தான். உன் அறையில் கூட இருக்கும் குணம் லீவில் ஊருக்கு வந்திராவிட்டால் நானும் அதை நம்பிக்கொண்டு இருந்திருப்பேன். நேற்றுப் பின்னேரம் வந்து, வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, நீ கொடுத்துவிட்ட சவர்க்காரத்தையும் தேயிலையையும் தந்தான். பிறகு வாங்கில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னான். போன சனிக்கிழமை உங்கள் கந்தோர் அணி அரையிறுதியில் வென்றதாம். நீ பந்துக்கு எழும்பினாயாம், எதிரியின் தலையும் உன் தலையும் முட்டினவாம், நீ மல்லாக்க விழுந்து கண் செருகிக் கிடந்தாயாம். தண்ணீர் அடித்து எழுப்பி ஆடவிட்டார்களாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எத்தனை கோல் என்று கேட்டாயாம். சொன்னார்களாம். கொஞ்சத் தூரம் போனதும் அதையே கேட்டாயாம், பிறகும் கேட்டாயாம். பஸ் முழுக்கச் சிரிப்பாம். அறைக்கு வந்து சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாயாம். சோடா ஒத்துக்கொள்ளவில்லை என்று நீயே சொன்னாயாம்.

நான் சிரிக்கவில்லை. அதைக் கண்டு குணமும் நிறுத்திவிட்டான். பிறகு நான் கேட்கக் கேட்கத்தான் மற்றதெல்லாம் வந்தது. நீ தலையிடிக்குக் குளிசை போடுகிறாய். அறையில் லைற்றைப் போட்டால் எரிந்து விழுகிறாய். பேப்பரை விரித்துவிட்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய். வருகிற சனிக்கிழமை இறுதி ஆட்டம், அதில் நீதான் நடுவில் ஆடப்போகிறாய். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கமாட்டேன். உன்னோடு கோபம், உன்னை எழுப்பி ஆடவிட்டவர்களோடு கோபம், சிரித்த அந்த பஸ்ஸோடும் கோபம். குணம் நாளைக்கு மெயில் ரயிலில் திரும்புகிறான். இதை அவன் கையில் கொடுத்துவிடுவதற்காக இன்று மத்தியானமே எழுதத் தொடங்கிவிட்டேன். அம்மாவுக்குக் கடுமை, உடன் வா என்று ஒரு தந்தி அடித்திருக்கலாம். ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். நீ பதைபதைத்து ஓடிவருவாய், வந்து பார்த்தால் நான் உரலில் மா இடித்துக்கொண்டு நிற்பேன். அதற்குப் பிறகு நான் உண்மையாகவே கிடையில் விழுந்தாலும் நீ நம்பமாட்டாய். ஆகவே பொய் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

உன் அண்ணைக்கு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாய். உனக்குத் தெரிந்தது ஊர் சொல்கிற கதை. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. வென்ற அன்று கொடி பிடித்து ஓடினதுதான் உன் நினைவில் நிற்கும். அதற்கு முந்தின சனிக்கிழமை நடந்ததை உனக்கு யாரும் சொன்னதில்லை. அன்று குருநகரிலிருந்து வந்த அணியோடு அரையிறுதி. எங்கள் கடற்கரை மைதானம் உனக்குத் தெரியும்தானே, மேலே மணல், கீழே கல்லு. அண்ணை இரண்டு கோல் அடித்துவிட்டான். மூன்றாவதுக்கு உயர எழும்பினபோது ஒருவரோடு ஒருவர் மோதி, அவன் பின்பக்கமாக விழுந்தான். பிடரிதான் முதலில் நிலத்தில் பட்டது. யாரிலும் பிழை இல்லை, பந்து விளையாட்டில் நடக்கிறதுதான். கப்டன் ஓடிவந்து, "ஆட ஏலுமோடா?" என்று கேட்டான். "ஏலும்" என்று எழும்பினான். எங்கள் கடற்கரையில் பிறந்த எந்தப் பொடியன் அந்தக் கேள்விக்கு ஏலாது என்று சொல்லியிருக்கிறான், சொல்லு பார்ப்போம். மிச்ச நேரமும் ஆடினான். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சத்தி எடுத்தான். தலை சுத்துது அம்மா என்று கதிரையில் சாய்ந்தான்.

அந்த நேரம் பார்த்து உன் பெரியம்மா வந்தா. அக்காவுக்கு எதுவும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும், அல்லது தெரிந்துவிட்டது என்று நினைப்பா. மைதானத்தில் நின்ற சனம் முழுக்க அவனைப் புகழ்ந்தது, கரைக்கு வந்த வள்ளக்காரர்கூட அவன் கதைதான், இது வேறென்ன, ஊர்க்கண் பட்ட நாவூறுதான் என்றா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு கோல் அடித்த பிள்ளை வீட்டுக்கு வந்து சத்தி எடுத்தால் எங்கள் ஊரில் யாருக்கு வேறு என்ன தோன்றும்? செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எல்லாம் கையில் பொத்தி அவன் தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, முற்றத்து அடுப்பில் போட்டா. உனக்குத் தெரியும், நாவூறு இருந்தால் மிளகாய் எரிந்தும் மணக்காது என்பார்கள். அன்று கடற்காற்று நல்ல வீச்சு. புகை அங்கும் இங்கும் போனது. எனக்குத் தொண்டை கமறியது, ஆனால் கழித்தது எனக்கில்லையே, அவனுக்குத்தானே. அக்கா அவனைத்தான் கேட்டா.

"மணக்குதோ தம்பி?"

"ஒரு மணமும் இல்லைப் பெரியம்மா."

"கண்டியே? ஊர்க்கண் முழுக்க இவனிலைதான்."

அவன் பொய் சொல்லவில்லை. சொன்னபடி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தான். புகை பட்டு அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதை நான் என் கண்ணால் கண்டேன். கண் எரிகிறது, மணம் மட்டும் இல்லை. எங்களுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. நாவூறு என்று தெரிந்தது, கழித்தாகிவிட்டது, இனிச் சுகம். அவன் அயர்ந்து தூங்கினதையும் நாவூறு இறங்கின ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டோம். அந்தக் கிழமை முழுக்க அவனுக்குத் தலையிடி. வெயிலைக் கண்டால் முகத்தைச் சுளித்தான். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து புத்தகத்தைத் திறந்தபடி தூங்கினான், படிக்கப் பஞ்சி, சோம்பல் என்று நான் ஏசினேன். அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்குப் போனான். இடைவேளைக்குப் பிறகு, மழையில் ஊறின பந்து ஒன்று கிட்டத்திலிருந்து அவன் காதுக்கு மேலே பட்டது. விழவும் இல்லை. ஒருமுறை தள்ளாடிவிட்டு ஓடினான். கடைசியில் அவன் அடித்த கோலில்தான் ஊர் வென்றது. தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று படுத்தவன் அந்தக் கிழமை எழும்பவில்லை, எழும்பினவன் பழைய ஆளாக எழும்பவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீ அதற்குள் வளர்ந்தவன். எழுத்து ஆடுகிறது என்று பள்ளிச் சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். சோற்றுக்கோப்பையை எறிந்தான், எறிந்துவிட்டுத் தான் எறியவில்லை என்றான். அப்பா தன் கப்பலிலேயே அவனுக்கும் ஒரு வேலை சொல்லிவைத்தார். அதற்கு முன் டொக்டர் பார்க்கவேண்டும் என்று, நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். எங்கள் பக்கத்து ஆள்தான் அந்த டொக்டர். சின்னச் சின்னப் போத்தல்களைத் திறந்து அவன் மூக்கடியில் பிடித்தார். கோப்பித்தூள் என்று எனக்குக் கதிரையில் இருந்தே மணந்தது. அவன் தெரியாது என்றான். கராம்பு, தெரியாது. ஏலக்காய், தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தெரியாது என்று சொன்னான். கப்பலில் எங்காவது புகைந்தால் முதலில் சொல்லவேண்டியது மூக்கு, இவனைக் கப்பலுக்கு விடமுடியாது என்றார். எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் அந்த அடுப்பு ஞாபகம் வந்தது. மிளகாய்க் கதையை அவருக்குச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"அண்டைக்கே உங்களுக்கு உண்மை தெரிஞ்சிருக்கு, அம்மா. பேரைத்தான் மாத்தி வைச்சிட்டியள்."

அவர் விளங்கப்படுத்தினதை நான் விளங்கின மாதிரிச் சொல்கிறேன். தலையில் அடிபட்டால் மண்டை உடையவேண்டும், ரத்தம் வரவேண்டும், வீங்கவேண்டும் என்று நாங்கள் பார்க்கிறோம். ஓடு உடையாமலே உள்ளே இருக்கிற மூளை குலுங்கிப்போகும். முற்றின தேங்காயைக் காதடியில் வைத்து ஆட்டினால் உள்ளே கொப்பரை கழன்று ஆடுமே, அந்தமாதிரி என்று நான் கேட்டேன், ஏறக்குறைய அப்படித்தான் என்றார். மணம் பிடிக்கிற நரம்பு நூல் மாதிரி மெல்லிசு, நெற்றிக்கு உள்ளே எலும்பைத் துளைத்துக்கொண்டு வருகிறது. பிடரி அடிபட மூளை முன்னுக்குப் போய்வந்த வேகத்தில் அந்த நூல்கள் அறுந்துவிட்டன. மிளகாய்ப் புகை கண்ணை எரிக்கிறது வேறு நரம்பு, அதனால் கண்ணீர் மட்டும் வந்தது. எல்லாருக்கும் மணம் போகாது என்றார். சிலருக்குச் சத்தி, சிலருக்குத் தலையிடி, சிலர் கேட்டதையே கேட்பார்கள், சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். மயங்கி விழாமலும் இதெல்லாம் வரும். முதல் அடி ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி பட்டால்தான் பேராபத்து, அது சின்னத் தட்டாக இருந்தாலும் சரி, சிலர் அந்த இடத்திலேயே முடிந்துபோகிறார்கள், உங்கள் மகன் தப்பினதே பெரிய காரியம் என்றார். நாவூறு கழித்ததற்காக அவர் என்னை ஏசவில்லை. "கழியுங்கோ, கழிச்சுப்போட்டுப் பிள்ளையைப் படுக்கவிடுங்கோ" என்றார்.

இதை நான் அழுது மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன், உன் பெரியம்மாவும் அப்படித்தான். அவ இன்றைக்கும் அது நாவூறுதான் என்று நிற்கிறா, கொழும்பு டொக்டருக்கு எங்கள் ஊர்க்கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறா. நான் வாதாடுவதில்லை. ஆனால் அன்று எனக்குத் தெரியாதது இன்று உனக்கும் தெரியாது என்று நீ சொல்லமுடியாது. நீ அண்ணையோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்தவன். அவன் யன்னலைச் சாத்தச் சொன்னால் எழும்பிச் சாத்தினவன். பஸ்ஸில் நீ கேட்டதையே கேட்டாய் என்று குணம் சொன்னபோது எனக்கு அண்ணையின் முகம்தான் முன்னுக்கு வந்தது, உனக்கு ஏன் வரவில்லை? சோடாவாம் சோடா. நாங்கள் நாவூறு என்றோம், நீ சோடா என்கிறாய். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கொஞ்சம் இருந்து யோசி.

நீ போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கிறது என்று நான் எழுதினதில்லை. கடற்கரைச் சனம் உரத்துக் கதைக்கிற சனம், காற்றோடு போட்டி போட்டுப் பழகின தொண்டை. உரத்த சத்தம் அண்ணையின் தலைக்குள் ஊசியாக இறங்கும். முன்பு பின்னேரங்களில் மீன் வெட்டிக்கொண்டே கதைக்க வந்த பெண்கள் கொஞ்சக் காலம் குசுகுசுத்துப் பார்த்தார்கள். யாருக்கு அப்படிக் கதைக்கப் பிடிக்கும்? மெல்ல மெல்ல நின்றுவிட்டார்கள். றேடியோ பெட்டிக்குள் கிடக்கிறது. தேங்காயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துருவுகிறேன். கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினால் யன்னல் கதவெல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழஞ்சேலையைச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே இருக்கிறோம். தேர் எங்கள் வாசலால் போகும், நான் பார்ப்பதில்லை. அப்பா வந்தால் ஒரு மாதம் நிற்பார், அந்த ஒரு மாதமும் வெளியே நிற்கத்தான் அவருக்கு விருப்பம், அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்குத் தனிமைதான் மகன். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது தனிமை என்று சொன்னால் கேட்கிறவர்கள் பிழையாக நினைப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சில நாள் மீன் பழுதாகிப்போனதை அவன் அறியாமல் சாப்பிட உட்காரும்போது, கோப்பையை மெல்ல இழுத்து எடுத்துவிட்டு அடுப்படியில் போய் நிற்பேன். கதைக்க ஒருவரும் இல்லாததால் அடுப்போடு கதைப்பேன். இந்தக் கடிதத்தில் இப்போது உரத்துக் கதைக்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஆகவே சனிக்கிழமை நீ ஆடக்கூடாது. கப்டன் வந்து ஏலுமோ என்று கேட்பான். அதற்கு நீ பதில் சொல்லவே கூடாது, அந்தக் கேள்விக்கு எங்கள் வாயில் ஒரு பதில்தான் இருக்கிறது. டொக்டரிடம் போ, ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லு, சோடாவைப் பற்றிச் சொல்லாதே. தலையிடி குளிசை இல்லாமலே முழுக்கப் போகவேண்டும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசக்கூடாது, படித்தது மனதில் நிற்கவேண்டும். அதற்குப் பிறகும் உடனே ஆட்டத்துக்கு இறங்கக்கூடாது என்றுதான் எங்கள் டொக்டர் சொன்னார். முதலில் நட, பிறகு தனியே ஓடிப்பார், ஓடித் தலையிடித்தால் நிறுத்து, மற்றவர்களோடு மோதுகிற விளையாட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில். அதுவரை குணத்தை உன்னைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பச் சத்தி எடுத்தாலோ, தலையிடி கூடினாலோ, எழுப்பி எழும்பாவிட்டாலோ, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொன்னேன். முகம் வெளிறிப்போய்க் கேட்டுக்கொண்டான். இனிச் சிரிக்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ சின்னப் பொடியளுக்குப் பந்து பழக்குவதாக எழுதியிருந்தாய். சந்தோசம். அவர்களைத் தண்ணீர் ஊறின பந்தைத் தலையால் அடிக்கவிடாதே. கோல் கம்பத்தைச் சாக்கால் சுற்றிக் கட்டு. தலையில் பட்டவனை அன்று முழுக்கக் கரையில் இருத்து, அவன் அழுதாலும் இருத்து, அவன் தகப்பன் வந்து ஏசினாலும் இருத்து. ஏலுமோ என்று கேட்காதே. காலையில் என்ன சாப்பிட்டாய், பந்தை உன்னிடம் அடித்தது யார், இப்போது எந்தப் பக்கத்துக்கு அடிக்கிறோம், இப்படிக் கேள். தடுமாறினால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தாயிடம் நடந்ததைச் சொல்லு. தலையிடிக்கிறது என்று சொல்ல வருகிறவனைக் கோழை என்று மற்றவர்கள் பகிடி பண்ணவிடாதே. ஆனால் சனிக்கிழமை நீ குலுங்கின தலையோடு இறங்குவதை அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றால், ஞாயிற்றுக்கிழமை நீ சொல்கிற எதுவும் எடுபடாது.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு இறுதி ஆட்டம், இனி எப்போது வருமோ என்று நினைப்பாய். எனக்கு அது விளங்காமல் இல்லை. அண்ணையின் அந்தக் கோலை ஊர் இன்னும் விடவில்லை. சலூனுக்குப் போனால் கத்தரியைப் பிடித்தபடி சொல்கிறார்கள், சங்கக்கடை வரிசையில் சொல்கிறார்கள். வலப்பக்கத்தால் வந்த பந்தை நிலத்தில் விழவிடாமல் இடக்காலால் அடித்தானாம், வலை கிழிந்ததாம். அவன் தலையைக் குனிந்து சின்னச் சிரிப்போடு கேட்டுக்கொண்டு நிற்பான். போனதெல்லாம் போகட்டும், அந்தக் கோலாவது அவனுக்கு மிஞ்சியது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டு இருந்தேன்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு இருக்கும்போது அவன் எழும்பி வந்தான். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டான். சொன்னேன். உனக்கு அடிபட்டதையும் சொன்னேன், சனிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன். நிலத்தில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகு, தம்பிக்குத் தானும் ஒன்று சொல்லவேண்டும், எழுதுங்கோ என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, அந்தக் கோல் எனக்கு ஞாபகமில்லை. மைதானத்துக்குப் போனதும் ஞாபகமில்லை, தோளிலை தூக்கினதும் ஞாபகமில்லை. ஆக்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வைச்சிருக்கிறன். உன்னை விளையாடாதை எண்டு நான் சொல்லேல்லை. சுகம் வந்தாப் பிறகு விளையாடு. நீ அடிக்கிற கோல் உனக்குத் தெரியவேணும்."

இத்தனை வருடமும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். ஊர் சந்தோசமாகச் சொல்கிறது, நீங்களும் சந்தோசமாகக் கேட்கிறீர்கள், அதை ஏன் கெடுப்பான் என்றான். கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டு வந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீ என்ன செய்தாய் என்பதை எனக்கு எழுதாதே. அண்ணைக்கு எழுது. நான் மெல்ல வாசித்துக் காட்டுகிறேன்.

அம்மா